தலைமாட்டுக் கயிறு

"கையை வெளியே எடுடா! பைக்குள்ள என்ன முறுக்கிட்டு நிக்கிறே?" என்று வாட்டி கத்தினான்.

டூகல் எடுக்கவில்லை. கிரீனாக் இடுகாட்டு வாசலில் மழையில் நனைந்தபடி, இரண்டு முஷ்டியையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றான். வெளியே எடுத்தால் எல்லாரும் அந்தக் கைகளைத்தான் பார்ப்பார்கள்.

"எங்க அத்தை பெட்டியை ஒழுங்கா மூடியாச்சான்னு பாக்க வந்தியா, சாம்பியன் துரை? மகனை அடிச்சுக் கொன்னே. இப்ப அம்மாவை வழியனுப்ப வந்துட்டியாக்கும்!"

"குழிக்குள்ள இறக்குற வரைக்கும் நின்னுட்டுப் போயிடறேன் வாட்டி. வேற ஒண்ணும் வேணாம்."

"அதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பாரு. உள்ள கால வச்சே, நடக்கிறதே வேற."

டூகல் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். ஸ்காட்லாந்து முழுக்கத் தேடினாலும் குத்துச்சண்டையில் அவனை வீழ்த்த ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. எல்லாம் ஒரே ஒரு குளிர்காலம்தான்.

பட்டத்தைக் காப்பாற்ற ஏறிய முதல் சண்டையிலேயே, எதிரே நின்ற உள்ளூர்ப் பையன் ரோரி விழுந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. டூகல் அன்றைக்கே பட்டத்து இடுப்புவாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கப்பல் பட்டறையில் சம்மட்டி பிடிக்கப் போய்விட்டான்.

தோளில் தூக்கிக் கூத்தாடின ஊர், அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தது. ஊர்க்காரன் கைதட்டுக்கு அவ்வளவுதான் ஆயுசு. "டூகல் பக்கத்துல உக்காராதே. சும்மா முதுகுல தட்டினான்னாகூட உனக்குப் பெட்டி செய்யணும்" என்று பட்டறையில் சிரிப்பார்கள். அவன் தனியாக உட்கார்ந்து ரொட்டியை மென்றுவிட்டு எழுந்து போவான்.

ரோரியின் அம்மா எஃபி மட்டும் அவனைத் தேடி வந்தாள். விடிந்தால் போதும், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் வந்து நின்று அவன் வீட்டையே முறைத்துப் பார்ப்பாள். ஒரு சொல் பேசினதில்லை. சபிக்கிறாள் என்றது ஊர். டூகலும் அப்படித்தான் நினைத்தான்.

அவன் அடுப்பு மூட்டி, கூரைமேல் புகை கிளம்பியதும் போய்விடுவாள். சாபத்துக்கும் இவ்வளவு நேரம் என்று இருக்கும்போல.

வேறு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த முறைப்பும் இல்லையென்றால் அவன் இருக்கிற திசையைத் திரும்பிப் பார்க்க ஒரு ஜீவன் கிடையாது. இந்த வாரம் ஒரு காலையில் எதிர்ச்சாரி வெறிச்சென்று கிடந்தது. கிழவி போய்விட்டாள் என்று பால்காரன் சொன்னான்.

பெட்டியைக் குழியருகே கொண்டுவந்து வைத்தார்கள். இறக்குவதற்குக் கயிறுகள் தயாராக இருந்தன. யார் எந்தக் கயிறு என்று சவப்பெட்டி செய்து அடக்கம் நடத்துகிற கெய்ர்ன்ஸ்தான் கூப்பிடுவார். செத்தவர் சொல்லி வைத்திருந்தால் அதுதான் சட்டம். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. மகன் இல்லையென்றால் அடுத்த ரத்தத்துக்கு.

வாட்டி யாரும் கூப்பிடாமலே தலைமாட்டில் போய்க் குனிந்தான்.

"நீ கால்மாட்டுக்குப் போ, வாட்டி" என்றார் கெய்ர்ன்ஸ்.

"கால்மாட்டுக்கா? அண்ணன் மகன் நான். எனக்கு மேல யாருய்யா இருக்கா?"

கெய்ர்ன்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பினார். "டூகல், தொப்பியைக் கழட்டிட்டு உள்ள வா. தலைமாட்டுக் கயிறு உனக்கு."

எல்லார் தலையும் திரும்பியது.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உமக்கு?" வாட்டி கத்தினான். "எங்க அத்தை தினம் தினம் அவன் வீட்டு எதிர்ல போய் நின்னு சபிச்சது ஊருக்கே தெரியும்!"

"சபிக்கலைப்பா" என்றார் கெய்ர்ன்ஸ். "இந்தப் பையன் உயிரோட இருக்கானான்னு பாத்துட்டு வந்தாங்க."