சேற்றில் இரண்டு பிக்கப்

ஓக்லஹோமா மேய்ச்சல் நிலத்தில் மழை விடவில்லை. வெண்டலின் ஃபோர்டு பிக்கப் டிரக் அச்சுவரை சேற்றில் புதைந்து நிற்கிறது. இழுக்க வந்த மச்சான் ராய்ஸின் செவர்லே பிக்கப்பும் அதற்கு முன்னால் சேற்றில் இறங்கிவிட்டது. நடுவே சங்கிலி தொய்ந்து கிடக்கிறது. “நாட்டுலயே அதிகமா விக்கிற வண்டின்னு பீத்திக்குவியே மச்சான்,” என்று ஜன்னல் வழியே கத்துகிறான் ராய்ஸ். “உன்னுது சாகுறவரைக்கும் ஓடும்னியே, ஓட்டேன்,” என்கிறான் வெண்டல். கதவைத் திறந்தால் முழங்கால் சேறு. இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்டுச் சாலையில் ஒரு வண்டி வருகிறது. தூரத்திலேயே வெண்டலுக்கு அடையாளம் தெரிந்துபோகிறது: ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் இருவரும் சேர்ந்து கேலி செய்யும் லோரீனின் ஜப்பான் பிக்கப். அவள் நிறுத்துகிறாள். கண்ணாடியை இறக்கி, சிரிக்காமல் கேட்கிறாள்: “யாரை மொதல்ல இழுக்கட்டும்?” வெண்டலின் விரல் ராய்ஸைக் காட்டுகிறது. ராய்ஸின் விரல் வெண்டலைக் காட்டுகிறது.