தனிப்பெயர்கள் இருபத்திரண்டு

பட்டாசு ஆலை வெடித்த மூன்றாம் நாள், இறந்தவர்கள் இருபத்திரண்டு பேர் என்று தாலுகா அலுவலகத்தில் பட்டியல் ஒட்டினார்கள். இருளப்பன் அதை இரண்டு முறை படித்தான். பேச்சியம்மாள் என்ற பெயர் ஒரு தடவைதான் இருந்தது. அவன் மனைவி பேச்சியம்மாள். அவன் தங்கையும் பேச்சியம்மாள்தான். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாள் உண்டு. இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள்.

உள்ளே போய்க் கேட்டான். கணினியின் முன்னால் இருந்த எழுத்தர் நடேசன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "பேரும் கதவு எண்ணும் ஒண்ணா இருந்தா மிஷின் ஒரே ஆளுன்னுதான் எண்ணும். ஒவ்வொரு பதிவாத் திறந்து பார்த்தா நேரமாகும்னு இப்படி வச்சிருக்கோம்."

"வயசு வேற இல்லையா சார்? மொகம் வேற இல்லையா?"

"அதெல்லாம் உள்ள இருக்குப்பா. எண்ணும்போது அதைப் பார்க்காது. மேல இருபத்திரண்டுன்னு சொல்லியாச்சு, இனி மாத்த முடியாது."

முந்தின நாள் மனைவி, தங்கை இருவரின் குழிகளிலும் முதல் மண்ணைத் தள்ளியவன் இருளப்பன். அந்தக் கையால் மேசையை ஓங்கி அறைந்தான். அலுவலகமே எழுந்து நின்றது.

"செத்தது ஒருத்திதான்னா இன்னொருத்தி உசுரோடதான இருக்கணும்? அது எவள்னு உங்க மிஷின்ல பார்த்துச் சொல்லுங்க. கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

  இருளப்பன் நடேசனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.