நல்ல அழுகை

அழுகை நின்றதும் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது.

அழுதது ஸ்பீக்கர். ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் பின்னணி இசை. வயலின் ஒன்று இழுத்துக்கொண்டே போக, அதற்கு அடியில் ஒரு பெண் விசும்பி விசும்பி அழுகிறாள். மூன்று நாளாகச் சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவரைத் தாண்டி வந்தது இதுதான். இதைக் கேட்டுத்தான் கடைக்காரர், "பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணைப் போட்டு அடிக்கிறாங்க, சீக்கிரம் வாங்க" என்று போலீசுக்கு ஃபோன் போட்டிருந்தார்.

"சோகமான இசைன்னா எனக்கு உயிர் சார்," என்றான் அந்த வீட்டுக்காரன் பணிவாக. "ஸ்டூடியோவுல சவுண்ட் வேலை. படத்துக்கு மழைச் சத்தம், காலடிச் சத்தமெல்லாம் சேர்த்துக் குடுக்கிறது நான்தான். வீட்டுக்கு வந்தா இந்த மாதிரி தேடிப் பிடிச்சுக் கேப்பேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

இன்ஸ்பெக்டர் அவன் மனைவியை முன்னால் கூப்பிட்டார். "ஏம்மா, உனக்கு ஏதாவது பிரச்சினையா? பயப்படாம சொல்லு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். அவரு பாட்டுதான் கேப்பாரு."

இன்ஸ்பெக்டர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி விடுறீங்க. முதல்ல உங்க காதுக்கு ஒண்ணு மாட்டுங்க. இன்னொரு தடவை இப்படி ஃபோன் வந்துச்சு, உங்க மேலதான் கேஸ் எழுதுவேன்."

கடைக்காரருக்கு அதைவிட அவமானமாக இருந்தது வேறு விஷயம். சோகப் பாட்டில் அவர் கற்றுக்குட்டி இல்லை. அவரும் அவரைப் போன்ற பன்னிரண்டு பேரும் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயரே 'அழுமூஞ்சிகள்'. ஓடாத படங்களின் பாட்டையும், யாரும் கேட்டிராத பின்னணி இசையையும் தோண்டி எடுத்து, 'கர்ச்சீப்போடு உட்காரவும்' என்று கீழே எழுதி அனுப்பிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட காது, ரெக்கார்டுக்கும் நிஜ அழுகைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்திருக்கிறது.

அசடு வழிந்ததை மறைக்க அவரே பேச்சுக் கொடுத்தார். "என்ன படம் தம்பி இது?"

அவன் ஆல்பத்தின் அட்டையைக் காட்டினான். "அபூர்வம் சார். தேடினாலும் கிடைக்காது."

கடைக்காரர் அதைத் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார். "வயலினை விடுங்க, அந்த அழுகைதான் விசேஷம். தேம்பும்போது மூச்சை ஒரு இழு இழுக்குது பாருங்க, அதெல்லாம் நடிப்புல வரவே வராது." அந்தப் பெண்ணிடமும் கேட்டார். "நல்லா அழுதிருக்காங்க, இல்ல தங்கச்சி?"

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "ஆமாண்ணே."

"அந்த மாதிரி அழுகை அமையறது கஷ்டம் சார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் அவன்.

வீட்டில் கடைக்காரரின் மனைவி காத்திருந்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? இனிமே அந்த வீட்டுல இடியே விழுந்தாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

திறக்க மாட்டேன் என்று சத்தியமே செய்து கொடுத்தார்.

மறுநாள் சரியாக ஏழு மணிக்கு வயலின் தொடங்கியது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இப்போதுதான் விஷயம் தெரியுமே! நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். அழுகை அன்றைக்கு ரொம்ப நேரம் நீண்டது. முன்பெல்லாம் பதற்றத்தில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஓர் இடத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. "அடடா!" என்று வாய்விட்டே சொன்னார்.

விட மனசில்லை. அட்டைப் படத்தைக் குழுவில் போட்டு, 'எப்பாடுபட்டாவது இதைப் பிடித்துத் தாருங்கள்' என்று கெஞ்சினார். மூன்றாம் நாள் மத்தியானம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அழுமூஞ்சியிடமிருந்து பதில் வந்தது. 'கிடைத்துவிட்டது. முழு ஆல்பமும் அனுப்பியிருக்கிறேன். கர்ச்சீப்போடு உட்காரவும்.'

கடைக்காரர் கடையைப் பாதியிலேயே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதெல்லாம் கேட்டதுல சேர்த்தியா? இப்பக் கேளு, அந்த அழுகையை முழுசா."

அதே வயலின். அதே இழுப்பு. நடுவில் அதே மாதிரி ஒரு நொடி நின்று, மறுபடி எழுந்தது.

"இப்ப வரும் பாரு," என்று விரலைத் தூக்கினார்.

தூக்கிய விரல் இறங்கவில்லை. இசை முடிந்தது. எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று முதலிலிருந்து மறுபடி போட்டார். அதுவும் முடிந்தது. ஆல்பத்தில் இருந்த மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தார்.

மனைவி பாதி மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்தாள்.

"என்னங்க, இதுல யாருமே அழலையே?"