பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர்

டொரொண்டோவிலிருந்து சென்னைக்குப் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் என்று இருக்கைத் திரை காட்டியது. சுகிர்தாவின் கணவன் இளவழகன் கீழே சரக்கு அறையில், சவப்பெட்டிக்குள் கிடந்தான். பக்கத்தில் கொழுந்தன் தயாபரன் தன் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவள் தொடாத தட்டையும் இழுத்துக் கோழிக் குழம்பை விரலால் வழித்து நக்கினான்.

“இன்னும் ஒம்பது மணி நேரம் இருக்கு. தூங்குங்க அண்ணி.”

அவள் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் போர்வைக்குள் ஒரு கை நுழைந்து அவள் தொடைமேல் உட்கார்ந்தது.

“இனிமே உங்களுக்கு யாரு இருக்கா? நான் பாத்துக்கறேன்.”

குழம்பு வாசனை முகத்தில் அடித்தது. செத்த எலியைத் தூக்குவதுபோல் அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அவன் மடியில் போட்டாள். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

“நாளைக்கு அவருக்கு நான்தான் கொள்ளி வைப்பேன். தம்பிங்கற மொறைன்னு சொல்லிக்கிட்டு, இந்தக் கையோட அவர் கிட்ட வந்துடாதீங்க.”

“மெதுவா பேசுங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்றாள் சுகிர்தா, இன்னும் உரக்க.