மறுபடியும் அனிருத்

"அரே அனிருத், ஃபிர் தும்?"

லேப்டாப்பில் நேரலையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார், மறுபடியும் நீதானா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். திரையின் ஓரத்தில் மற்றப் பிள்ளைகள் அனுப்பிய சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக ஓடின.

பக்கத்தில் நின்ற அப்பா பட்டாபிக்குக் காது சிவந்துவிட்டது. பிசிக்ஸில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை கேட்ட சந்தேகம் இதுதான்: மாஸுக்கும் வெயிட்டுக்கும் என்ன வித்தியாசம்?

"ஏண்டா, இது ஒன்பதாம் கிளாஸ் சமாசாரம்டா! எங்க ஆபீஸ் கிருஷ்ணபிரசாத் பொண்ணும் இதே வீடியோ கிளாஸ்தான். 'பையனை டியூஷனுக்கு அனுப்புங்க சார்'னு அவன் எனக்குப் புத்தி சொல்றான். லோதி ரோடு ஆபீஸ் பூரா என் மானம் போறது!"

அனிருத் வாத்தியார் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். அது பட்டாபிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இனி ஒரு சந்தேகம் கேட்டே, வைஃபையைப் பிடுங்கிடுவேன்!"

காலிங் பெல் அடித்தது. எதிர் ஃபிளாட் பரமசிவம். இந்த வருஷம்தான் தென்காசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி டெல்லி மோதி பாக்குக்கு வந்தவர். கையில் அல்வா. பின்னால் மகள் தமிழ்செல்வி.

"சார், பிள்ள பிசிக்ஸ்ல பாஸாயிட்டா! போன பரீட்சையில பெயிலானதும் ஊருக்கே திருப்பி அனுப்பிரலாம்னு இருந்தோம். ஒங்க பையன் இல்லன்னா..." அல்வாவை நீட்டினார்.

"இவனா? இவன் என்ன பண்ணினான்?"

தமிழ்செல்விதான் சொன்னாள்.

"நானும் இதே வீடியோ கிளாஸ்தான். கிளாஸ் முழுக்க இந்தி, மாமா. ஒருநாள் இங்கிலீஷ்ல சந்தேகம் கேட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் கேக்கவே பயம். இப்ப நான் போன்ல சொல்லுவேன், அனிருத் தன் பேர்ல கேப்பான். சார் படம் போட்டு விளக்குனதும் எனக்குத் தமிழ்ல சொல்லுவான். அவன் தமிழ்தான் கொஞ்சம் தகராறு. பிசிக்ஸ் நல்லா வெளங்குது."

பட்டாபி மகனைப் பார்த்தார். இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்த பெருமாளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

லேப்டாப்பில் பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா. இன்னிக்கு இன்னும் ஏதாவது சந்தேகம் பாக்கி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு மாமா. ரொம்பச் சின்னது. சிரிப்பாங்க."

பட்டாபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கேளுடா அனிருத். இந்தத் தடவை என் பேரைப் போட்டுக் கேளு."