வாயில் பஞ்சு

"முந்தாநாள் உங்ககிட்டக் குடிப்பீங்களான்னு கேட்டேன்ல?" பல் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் விஷ்ணுப்ரியா போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டியம்மா. இல்லைன்னு சொன்னேன்," என்றான் செல்லையன்.

"குடிக்கிறவங்களுக்கு அந்த மாத்திரை ஆகாது, கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்னு டாக்டர் எங்களுக்குக் கிளாஸே எடுத்திருக்காரு. பொய் சொல்லி வாங்கிட்டுப் போயி, இப்ப ராத்திரி பூரா வாந்தின்னு வந்து நிக்கிறீங்க!"

"சத்தியமா நான் தொடுறதில்லைம்மா."

"காரைக்கால்ல தடுக்கி விழுந்தா பிராந்திக் கடை. யார் காதுல பூ சுத்துறீங்க?"

பக்கத்தில் நின்ற மனைவி ஞானசௌந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தானையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"அவரை ஏன்டி வையிற? பல்லைப் பிடுங்கினது எனக்கு. வாந்தி எடுத்ததும் நான்தான். என் வாயில பஞ்சை அடைச்சு உக்கார வச்சிட்டு, கேள்வியை அவர்கிட்டக் கேட்ட. அவரு அவரைப் பத்திச் சொன்னாரு."

"அப்ப... குடிச்சது நீங்களா?"

"நாள் பூரா சேத்துல குனிஞ்சு நாத்து நட்டுப் பாரு, இடுப்பு என்ன கேக்கும்னு தெரியும். குடிக்கிறது ஆம்பளை மட்டுந்தான்னும் அந்தக் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்களா?"