ஒரே அலையில் இருவர்

எத்தனை முறை முயன்றும் அலைச்சறுக்குப் பலகைமேல் நிற்க சூசைக்கு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகான கயாக் வாங்கினான். "உக்காந்துக்கிட்டே அலையில போறதுல என்ன இருக்கு?" என்று சிரித்தாள் மனைவி பிளாரன்ஸ். அலைச்சறுக்கில் அவள் கெட்டிக்காரி.

அன்று இருவரும் ஒரே அலையைப் பிடித்தார்கள். அவள் முன்னால் பலகைமேல் நின்றிருந்தாள். அலை பின்புறத்தைத் தூக்கியதும் கயாக் சீறிப் பாய்ந்தது. சூசைக்குத் தன்னை இடுப்புவரை கடலுக்குள் செருகி வைத்ததுபோல் இருந்தது. நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தான். அப்போது பிளாரன்ஸ் தவறி விழுந்தாள். அவள் தலை அவனுக்கு நேர் எதிரே தெரிந்தது. துடுப்பை அழுத்தியும் கயாக் திரும்பவில்லை. கவிழ்த்தால்தான் நிற்கும். கவிழ்த்தான், ஆனால் உடனே அல்ல.

அவன் மூழ்கி எழுந்தபோது, கயாக்கின் முனை உரசிய தோளைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் மிதந்தாள்.

"என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

அவன் கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தினான். அந்த வேகம் இன்னும் உடம்பிலிருந்து இறங்கவில்லை. அவள் பலகையை இழுத்து அதன்மேல் ஏறிப் படுத்தாள்.

"அடுத்த அலைக்கு நீ முன்னால போ," என்றாள். "நான் பின்னால வர்றேன்."